இறுகிப்போனது எவர் மதி?

ஒரு பொருளின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அதன் இயல்பு விளங்கிவிட வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர். காரணப் பெயர் என்று இலக்கண வகுப்பிலே இதனைப் படிக்கிறோம். நாற்காலிக்கு நான்கு கால்கள் இருக்கின்றன, பறவை பறக்கிறது. ஆனால் காரணத்தையே தவறாகப் புரிந்துகொண்டு ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பெயரைத் தாங்குகிறவர் காலமெல்லாம் அந்தத் தவற்றையும் சேர்த்தே சுமக்க வேண்டியதுதான்.

ஆட்டிசம் என்று உலகம் வழங்கும் நிலைமைக்குத் தமிழில் 'மதியிறுக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அரசுப் படிவங்களில் இன்னும் நீளமாக, 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கமுடையோர்' என்பது போல எழுதுகிறார்கள். புற உலகைப் பற்றிய சிந்தனையே இல்லாதவர்களாம்! மதி இறுகிப் போனவர்களாம்! இதைப் படிக்கும் ஒருவர், 'இவர்களிடம் பேசிப் பயனில்லை, இவர்களுக்கு எதுவும் எட்டாது' என்றுதானே எண்ணுவார்? எங்கள் கருத்தோ இதற்கு நேர் எதிரானது. புற உலகம் அவர்களுக்கு எட்டுகிறது. பலருக்கு நம்மைவிட மிக அதிகமாகவே எட்டுகிறது. அதனாலேயே அவர்கள் அன்றாடம் திணறுகிறார்கள். அவர்களைச் சுற்றியுள்ள நம்முடைய வழக்கங்கள்தாம் இறுகிக் கிடக்கின்றன. இதனை எங்களுக்குத் தெரிந்த அளவில் விளக்கி, பள்ளியிலும் இல்லத்திலும் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்வதே எங்கள் நோக்கம்.

முதலில் ஆட்டிசம் என்பது யாது என்று சுருக்கமாகப் பார்ப்போம். 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. மாஸ்கோ நகரத்துப் பெண் மருத்துவர் குரூன்யா சுகரேவா 1925-ஆம் ஆண்டிலேயே இத்தகைய சிறுவர்களைக் கவனித்து எழுதினார். அவருடைய எழுத்து நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கேனர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே உலகின் கண்ணைத் திறந்தது. அந்த 11 பேரில் மூவர் பெண் குழந்தைகள். ஆட்டிசம் ஒட்டிக்கொள்ளும் நோயன்று, பைத்தியமுமன்று. மூளை பிறவியிலிருந்தே வேறு விதமாக வளர்ந்து அமைவதே ஆட்டிசம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். அக்கணக்கை அப்படியே பொருத்திப் பார்த்தால், ஆயிரம் பேர் கூடும் காலை வழிபாட்டு மைதானத்திலே ஏழெட்டுப் பேர் இருக்கக் கூடும். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது, அவ்வளவே.

அந்த ஏழெட்டுப் பேரில் ஒருத்தியின் திங்கட்கிழமைக் காலையைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள். கஞ்சி போட்டுத் தேய்த்த சீருடை முதுகிலே உப்புத்தாள் போல உராய்கிறது. கழுத்துப் பட்டையின் உட்புறம் தைத்திருக்கும் துணித்துண்டு ஊசியாகக் குத்துகிறது. இறுக்கிப் போட்ட இரட்டைப் பின்னல் தலையை இழுத்துக்கொண்டே இருக்கிறது. காலுறையின் தையல் விரல் நுனியில் உறுத்துகிறது. மணி அடிக்கிறது, நமக்கு அது மணி, அவளுக்கோ காதுக்குள் பாயும் ஆணி. வகுப்பிலே குழல்விளக்கு சற்றே துடிக்கிறது, மின்விசிறி கிறீச்சிடுகிறது, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிறார்கள், யாரோ ஒருத்தி உணவுப் பெட்டியைத் திறந்துவிட்டாள். இவற்றையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு ஆசிரியையின் குரலை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கும் வேலையை நம் மூளை நம்மைக் கேளாமலே செய்துவிடுகிறது. அவளுடைய மூளைக்கு அந்த வடிகட்டி வேறு விதமாக அமைந்திருக்கிறது. எல்லாமே ஒரே உரத்தில் உள்ளே வருகின்றன. ஆசிரியை, "எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறாய்? கவனம் எங்கே?" என்று கேட்கிறார். கவனம் இல்லாத குறையா அது? எல்லாவற்றையும் கவனிக்க நேர்ந்துவிட்ட துயரமன்றோ!

இது எங்கள் கற்பனை என்று எண்ண வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களே எழுதியும் பேசியும் வந்திருப்பதைத்தான் நம் பள்ளிக்குப் பொருத்திச் சொன்னோம். அவர்களுள் ஒருவர் டெம்பிள் கிராண்டின் அம்மையார். 1947-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தவர். மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. இக்குழந்தையை விடுதி ஒன்றில் சேர்த்துவிடுவதே நல்லது என்று சொன்னவர்கள் உண்டு, தாயார் இணங்கவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து, கால்நடை அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆட்டிசத்தை உள்ளிருந்து விளக்கி 1986-இல் அவர் வெளியிட்ட நூல், அத்துறையில் முன்னோடிகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

சிறு வயதில் திடீர்ப் பேரொலி பல் மருத்துவரின் துளைகருவி நரம்பில் பட்டாற்போல இருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் அவர் அடங்காமல் நெளிந்துகொண்டிருப்பாராம். பக்திக் குறைவு என்று பெரியவர்கள் எண்ணியிருக்கலாம். காரணமோ, ஞாயிறு உடையின் உட்பாவாடை! வாரம் முழுவதும் கால்சட்டை அணிந்த உடம்புக்கு, ஒரு நாள் மட்டும் அணியும் அந்தச் சொரசொரப்பான பாவாடையைத் தாங்க முடியவில்லை. உடையிலே சிற்சில மாற்றங்கள் செய்திருந்தாலே தம் நடத்தை எவ்வளவோ சீர்பட்டிருக்கும் என்கிறார் அவர். கண்டிப்பினால் ஆகாத காரியம் ஒரு முழத் துணியினால் ஆகியிருக்கும்!

அவருடைய பள்ளி நாட்களில் நடந்த இரண்டு செய்திகளை நம் தோழியர் அறிவது நல்லது. கேட்ட சொற்றொடரையே திரும்பத் திரும்பச் சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்தது. உடன்படித்தவர்கள் அவருக்கு 'டேப் ரிக்கார்டர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கேலி முற்றி, ஒரு நாள் தம்மைப் பழித்த மாணவியின்மேல் ஒரு புத்தகத்தை வீசியெறிந்தார், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். எறிந்தது தவறுதான். ஆனால் எறிந்தவருக்குத் தண்டனை கிடைத்தது. பட்டப்பெயர் சூட்டியவர்களுக்கோ விளையாட்டாகவே முடிந்திருக்கும். இது முதற்செய்தி.

இரண்டாவது, பின்னர் சேர்ந்த பள்ளியிலே நடந்தது. பண்ணையில் மாடுகளை அசையாமல் பிடித்துவைக்கும் மரச்சட்டத்தைப் பார்த்தவர், உடம்பை இதமாக அழுத்தினால் தம் பதற்றமும் அடங்குமென்று கண்டு, தமக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டார். பலருக்கு அது விபரீதமாகப் பட்டது. எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அறிவியல் ஆசிரியர் கார்லாக் என்பவர் மட்டும், "இது உனக்கு ஏன் அமைதி தருகிறது என்று ஆராய்ந்து கண்டுபிடி" என்ற பொருள்பட ஊக்கினார். அந்த ஒரு தூண்டுதலே அவரை அறிவியலின்பால் திருப்பியது. தடை விதிப்பதற்கு முன் ஏன் என்று கேட்ட ஓர் ஆசிரியர் இருந்தார். அவரால் ஒரு வாழ்வு மலர்ந்தது.

எல்லாரும் கிராண்டின் அம்மையாரைப் போலப் பேராசிரியர் ஆகிவிடுவார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆட்டிசம் உள்ளவர் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஓர் அபூர்வத் திறமை ஒளிந்திருக்கும் என்று திரைப்படங்கள் பரப்பிய நம்பிக்கையும் ஒரு வகை அநீதியே. திறமை இருந்தால்தான் மரியாதையா? வாழ்நாள் முழுதும் பேசாதவர் உண்டு. குளிக்கவும் உண்ணவும் துணை வேண்டியவர் உண்டு. கணக்கிலே சாதாரண மதிப்பெண் வாங்கிக்கொண்டு நம்மோடே படிப்பவர்களும் உண்டு. மரியாதை அனைவருக்கும் ஒன்றே.

இனி, அன்றாட வாழ்வில் அவர்களுக்கு நேரும் மற்றோர் இடர், மாறுதல். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தம்பிக்கு ஒன்பது வயது. அவளுடைய இசைவோடு இதை எழுதுகிறோம். நாள்தோறும் ஏறிய பள்ளி வண்டி ஒரு நாள் வேறு தெரு வழியாகச் சென்றது. அவன் அன்று மாலை வரை அழுதான். அடம் என்றார்கள் அக்கம்பக்கத்தார். வீட்டாரோ ஒரு வழி கண்டார்கள். எழுதல், பல் துலக்கல், தோசை, சீருடை, வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு படம். அவற்றைச் சுவரிலே வரிசையாக ஒட்டினார்கள். மறுநாள் ஏதேனும் மாறுவதாயின், முதல் நாள் மாலையே அந்தப் படத்தை அவன் கையாலேயே மாற்றி ஒட்டச் செய்தார்கள். இப்போதும் மாறுதல் அவனுக்குப் பிடிக்கவில்லை; ஆனால் திடுக்கிடல் இல்லை. கண்ணைக் கட்டிப் படியிறங்கச் சொன்னால் யார்தான் அலறமாட்டார்கள்? அடுத்த படி எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி அச்சம் போய்விடுகிறது. தேர்வு அட்டவணையை முன்கூட்டியே ஒட்டுங்கள் என்று நாம் கேட்பதில்லையா? அவர்கள் கேட்பதும் அதுவேதான். ஒவ்வொரு நாளுக்கும் கேட்கிறார்கள்.

மூன்றாவது இடர், நம் பேச்சு. நம் தமிழ் வளமான மொழி. ஆனால் அந்த வளமே அவர்களுக்குச் சில வேளைகளில் புதர்க்காடாகிவிடுகிறது. "என் தலையைத் தின்னாதே" என்கிறோம். "காதிலே பூச்சுற்றாதே" என்கிறோம். "கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவேன்" என்கிறோம். மேற்சொன்ன தம்பி கண்ணை மூடித் திறந்துவிட்டுப் பார்ப்பான், அப்பா வந்திருக்கமாட்டார். பாட்டி "ஒரு நிமிடத்தில் வருகிறேன்" என்று சொன்னால் அறுபது வரை எண்ணுவான். அறுபத்தொன்றில் அழுகை தொடங்கும். யார் சொல்லைக் காப்பாற்றவில்லை, சொல்லுங்கள்! இப்பொழுது பாட்டி, "பெரிய முள் ஆறுக்கு வரும்போது வருவேன், கண்ணு" என்கிறார், வந்தும் விடுகிறார். ஒரு நேரத்தில் ஒரே செய்தி, நேரடியான சொல், சொன்ன பிறகு சற்றுப் பொறுமை. கேள்வி கேட்டவுடன் பதில் வராவிட்டால் உரத்த குரலில் மறுபடி கேட்காமல், மனத்துக்குள் பத்து எண்ணிக் காத்திருக்கலாம். 'பேசும்போது என் முகத்தைப் பார்' என்று வற்புறுத்துவதும் வேண்டாம். முகத்தைப் பார்த்தால் சொல் காதில் ஏறுவதில்லை, சொல்லைக் கேட்டால் முகத்தைப் பார்க்க முடிவதில்லை என்று அவர்களுள் பலர் கூறுகிறார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே ஒருத்தி நம் பேச்சை முழுதும் கேட்டிருப்பாள்.

கைகளை உதறுதல், முன்னும் பின்னும் ஆடுதல், ஒரு நூலைச் சுழற்றிக்கொண்டே இருத்தல் ஆகியவற்றைக் கண்டால் உடனே நிறுத்தச் சொல்லும் பழக்கம் பலருக்கு உண்டு. கடினமான கணக்கு வந்தால் நாம் பேனா மூடியைக் கடிப்பதில்லையா? பின்னல் நுனியைச் சுருட்டுவதில்லையா? மனத்தைச் சமன் செய்துகொள்ள உடம்பு கண்ட வழி அது. தமக்கோ பிறர்க்கோ காயம் உண்டாகாதவரை அதைத் தடுப்பானேன்?

எல்லாம் சேர்ந்து தாங்கமுடியாத ஒரு கட்டம் வருவதுண்டு. கூச்சலிட்டு அழுவார்கள், தரையில் விழுவார்கள், அல்லது பேச்சே நின்று உறைந்துபோவார்கள். இதனைப் பிடிவாதத்தோடு சேர்த்து எண்ணுவதே பெரும் பிழை. பிடிவாதக் குழந்தை ஓரக்கண்ணால் நம்மைப் பார்த்துக்கொண்டே அழும். கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். இந்த அழுகைக்குப் பேரம் கிடையாது. நிரம்பி வழியும் குடம் அது. அவ்வேளையில் செய்ய வேண்டியவை எளியவை: கூட்டத்தை விலக்க வேண்டும், ஒலியையும் ஒளியையும் குறைக்க வேண்டும், கேள்வி மேல் கேள்வி கேட்கக் கூடாது, அனுமதியின்றித் தொடக் கூடாது, ஆபத்து நேராமல் பார்த்துக்கொண்டு அருகே அமைதியாக இருக்க வேண்டும். புத்திமதியை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேருந்துகளிலே நாம் காண்பது என்ன? காதைப் பொத்திக்கொண்டு கதறும் மகனோடு ஒரு தாய் படும் பாட்டைப் பார்த்து, "நாலு போடு போட்டால் சரியாகிவிடும்" என்று முன்னிருக்கையிலிருந்து ஒரு குரல் வருகிறது. அந்தத் தாய்க்கு அப்போது தேவைப்பட்டது ஒரு சன்னலோர இருக்கை, கிடைத்ததோ தீர்ப்பு.

தாய்மாரைக் குற்றஞ்சாட்டும் இந்த வழக்கம் படித்தவர்களிடமிருந்தும் வந்ததே! பாசமற்ற தாய்களால்தான் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வருகிறது என்று ஒரு கொள்கையை அறிஞர்கள் சிலர் பரப்பினர். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் எழுதிய நூல் அதற்குப் பெருஞ்செல்வாக்குத் தேடித்தந்தது. பிள்ளையின் துயரோடு பழியையும் எத்தனை தாய்மார் சுமந்திருப்பார்கள்! அக்கொள்கையை உடைத்தவர்களுள் முன்னணியில் நின்றவர் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லண்ட். அவருடைய நூல் 1964-இலேயே வெளிவந்துவிட்டது. இங்கிலாந்தில் ஆட்டிசத்தின் எல்லையை விரித்துக் காட்டிய மருத்துவர் லோர்னா விங் அம்மையாரும் ஆட்டிசம் உள்ள மகளைப் பெற்றவரே. வீட்டிலே பார்த்தவர்களுக்கு உண்மை தெரிந்தது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று 1998-இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரையும் இவ்வாறே பலரை மயக்கியது. தவறென்று நிறுவப்பட்டு 2010-இல் அவ்விதழே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆட்டிசத்தைக் 'குணமாக்கும்' மருந்து எதுவும் இன்று வரை இல்லை. குணமாக்குகிறேன் என்று பணம் கேட்பவரிடம் பெற்றோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

நம்மைப் போன்ற பெண் பிள்ளைகளின் நிலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெண்களிடம் ஆட்டிசம் பல வேளைகளில் கண்டறியப்படுவதே இல்லை. ஏனெனில் மறைத்துக்கொள்ள அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். தோழி சிரித்தால் தானும் சிரிக்க வேண்டும், எப்படிக் கையசைக்கிறாளோ அப்படியே அசைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து நடிக்கிறார்கள். 'அடக்கமான பெண்' என்று நற்பெயர் கிடைக்கிறது. அந்த அடக்கத்துக்குள் எவ்வளவு தத்தளிப்பு என்பது மாலையில் வீடு திரும்பிக் கதவைச் சாத்திய பிறகே தெரியும். "பள்ளியிலே நன்றாகத்தானே இருக்கிறாள், வீட்டில் மட்டும் ஏன் இப்படி?" என்று தாயைக் கேட்பார்கள். பகல் முழுதும் நடித்த களைப்பு வீட்டில்தான் இறங்க முடியும். பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் கேள்வியும் விருந்தாளியும் தனிப்பயிற்சியும் இல்லாமல் விட்டுவிடுங்கள் என்பது, இவ்விதம் வளர்ந்த பெண்கள் பெற்றோர்க்குத் தரும் அறிவுரை.

பேச்சு வராதவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. சென்னையில் அஜித் நாராயணன் என்ற பொறியாளர் 'ஆவாஸ்' என்ற ஒன்றை உருவாக்கினார். படங்களைத் தொட்டால் அது அவர்களுக்காகக் குரல் கொடுக்கும், தமிழிலும் பேசும். கருவி இல்லாத வீட்டில் அட்டையில் ஒட்டிய படங்களும் உதவும். தண்ணீர், வலி, போதும், வேண்டாம் என்ற நான்கு படங்கள் ஒரு குழந்தையின் ஒரு நாளை மாற்றிவிடக் கூடும். அவற்றுள்ளும் 'வேண்டாம்' என்ற படம் முக்கியம். மறுக்கும் உரிமை இல்லாதவனுக்கு அழுகையைத் தவிர வேறு என்ன மொழி இருக்கிறது?

இங்கே ஒரு கேள்வி எழும். பிறர் மனத்தை அறியாதவர்கள் என்றுதானே ஆட்டிசம் உள்ளவர்களைச் சொல்கிறார்கள்? ஆம், அப்படித்தான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். டேமியன் மில்ட்டன் என்ற இங்கிலாந்து அறிஞர், தாமும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். புரியாமை இரு பக்கமும் இருக்கிறது. அவர்களுக்கு நம் மனம் புரியாதது போலவே நமக்கும் அவர்கள் மனம் புரியவில்லை. பழி மட்டும் ஒரு பக்கம் சுமத்தப்படுகிறது என்றார். நம்மூரிலே வழி கேட்கும் வெளியூர்க்காரரைச் செவிடர் என்போமா? மொழி வேறு என்போம். அந்த அடக்கம் இங்கும் வேண்டும்.

'விதி என்றால் எல்லார்க்கும் ஒன்றே. ஒருத்திக்கு மட்டும் சலுகை தந்தால் ஒழுங்கு கெடும்' என்று சிலர் கூறலாம். கிட்டப்பார்வை உள்ளவளை முன்பெஞ்சில் உட்கார வைக்கிறோமே, அது சலுகையா? கண்ணாடி அணிந்து தேர்வு எழுதுவது ஒழுங்கீனமா? 'உலகம் வளைந்து கொடுக்காது. அவர்களே கற்றுக்கொள்ளட்டும்' என்றும் கூறலாம். இதில் ஓரளவு உண்மை உண்டு. அவர்களும் கற்கத்தான் வேண்டும், கற்கவும் செய்கிறார்கள். ஆனால் காது வலியால் துடிக்கும் ஒருத்தி அந்நேரத்தில் எதைக் கற்பாள்? 'அமைதி அறை என்று ஒன்று வைத்தால் எல்லாப் பெண்களும் தலைவலி என்று அங்கே ஓடிவிடுவார்கள்' என்பது மூன்றாவது ஐயம். தோழியரை நாங்கள் அறிவோம்! அரட்டைக்கு ஆளில்லாத வெறும் அறையில் பத்து நிமிடம் பேசாமலிருக்க அவர்களுள் எத்தனை பேர் முன்வருவார்கள்? அப்படியே ஒருத்தி ஏமாற்றினாலும் நட்டம் பத்து நிமிடம். உண்மையாகவே தேவைப்பட்டவளுக்கு மறுத்தால் நட்டம் அவளுடைய படிப்பு.

நாட்டின் சட்டமும் இந்த வழியிலேதான் வந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளை மட்டுமே கூறியது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே முடிவெடுக்க இயலாதவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க வழி செய்தது. 'எனக்குப் பிறகு என் பிள்ளைக்கு யார்?' என்று இரவில் விழித்திருக்கும் பெற்றோருக்கு அது ஓர் ஆறுதல். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக ஆட்டிசத்தை வைத்தது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு போன்ற மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் ஏற்பட்டன. குழந்தையின் பேச்சிலோ பழக்கத்திலோ ஐயம் தோன்றினால் அங்கே கட்டணமின்றிக் காட்டலாம். 'பேச்சு தாமதமாக வரும், அவன் அப்பாவும் அப்படித்தான்' என்று காத்திருப்பதைவிட ஒரு முறை காட்டிவிடுவது மேல்.

சட்டம் பள்ளி வாசல் வரை வரும். வாசலைத் தாண்டி வகுப்பறைக்குள் கொண்டுவருவது நம் கையில் இருக்கிறது. ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் இவை.

ஒன்று: மறுநாள் நேர அட்டவணை மாறினாலும், ஆசிரியை விடுப்பு எடுத்தாலும், முதல் நாள் மாலையே அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும்.

இரண்டு: ஒலிபெருக்கி முழங்கும் காலை வழிபாட்டிலும் ஆண்டு விழாவிலும், தாங்க முடியாதவர்கள் காரணம் கேட்கப்படாமல் சென்று அமர ஓர் அமைதியான அறை வேண்டும். காதை மூடும் கருவி அணிவதை அலங்காரம் என்று எண்ணித் தடுக்கலாகாது.

மூன்று: சீருடையின் நிறமும் அளவும் விதிப்படியே இருக்கட்டும், கஞ்சியும் உட்பட்டைத் துணித்துண்டும் கட்டாயமில்லை என்று சொல்லிவிட வேண்டும். பின்னலைத் தளரப் போட இடந்தர வேண்டும்.

நான்கு: வீட்டுப்பாடத்தை வாயால் சொல்வதோடு கரும்பலகையிலும் எழுத வேண்டும். இதனால் நன்மை அடையப் போவது ஆட்டிசம் உள்ளவர் மட்டுமல்லர். அரைத்தூக்கத்தில் இருக்கும் கடைசிப் பெஞ்சும்தான்!

ஐந்து: ஒருத்தி பேசும் விதத்தையோ நடக்கும் விதத்தையோ வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவதை மாணவியராகிய நாமே நிறுத்த வேண்டும். இதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை.

ஆறு: ஐக்கிய நாடுகள் சபையின் அறிவிப்பின்படி 2008 முதல் ஏப்ரல் 2-ஆம் நாள் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த நாளையொட்டி, ஆட்டிசம் உள்ள ஒருவரையோ அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற தாயையோ அழைத்துவந்து, அவர் பேச நாம் கேட்க வேண்டும். அவர்களைப் பற்றிப் பிறர் பேசிக் கேட்டது போதும்.

இவற்றுள் பெரும்பொருட் செலவு எதற்காவது ஆகுமா? ஓர் அறை, ஒரு பலகை, ஒரு சுண்ணக்கட்டி, கொஞ்சம் பொறுமை, இவ்வளவே. மணியோசை கேட்டுக் கண்ணில் நீர் முட்ட நிற்கும் ஒரு சிறுமி நம் மைதானத்தில் இன்றும் நின்றுகொண்டிருக்கலாம். தனக்கு என்ன நேர்கிறது என்று சொல்ல அவளுக்குத் தெரியாமலிருக்கலாம். எல்லார்க்கும் அப்படித்தான் இருக்குமென்று எண்ணித் தன்னையே நொந்துகொண்டிருக்கலாம். அவள் சொல்லும் வரை காத்திராமல், "உனக்கு எது எளிது?" என்று நாமே கேட்போம். அவள் கேட்கும் சிறு மாறுதலுக்கு இசையும் அளவுக்கு நம் மதி இளகட்டும். வரும் கல்வியாண்டின் முதல் மணி அடிப்பதற்கு முன்பே இவற்றைத் தொடங்குவோம், வாரீர் தோழியரே!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு